பொடிசு சுவரோரமாக நடக்கிறாள்

பிப்ரவரி 6

அம்மாடிக்கு அப்பா எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது சரிந்து இறங்குகிறது. கோடு போட்ட தாள்தான், ஆனால் என் எழுத்துகள் கோட்டை மதிப்பதில்லை. 'ண' வரும் இடத்தில் எல்லாம் நின்று சுழியை எண்ண வேண்டியிருக்கிறது. இந்த முதல் பக்கத்துக்கு மட்டும் நேற்றுக் காலை முழுவதும் போனது, இன்றும் பாதிக் காலை போய்விட்டது. ஆனால் இதில் ஒரு எழுத்துகூட வேறு யாரும் எழுதியது இல்லை. எதிர்வீட்டுத் தையற்காரியிடம் தாளும் உறையும் மட்டும்தான் வாங்கினேன். இத்தனை வருடம் நமக்குக் கடிதம் எழுதித் தந்தவள் அல்லவா, அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

"உங்க வீட்டுச் சேதி எல்லாம் எனக்குத்தான் முதல்ல தெரியும். இனிமே நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றாள்.

ஏழு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறேன். உன்னிடம் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டால் அசிங்கம் என்று நினைத்தேன். இப்போது தெருவில் எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். பேருந்துப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பேருந்து போய்விடுகிறது. பரவாயில்லை, எந்த ஊர் வண்டியைத் தவறவிட்டேன் என்றாவது தெரிகிறதே.

இனி உன் எலியின் சங்கதி. தையற்காரி படித்துச் சொல்லட்டும் என்று நீ கூண்டோடு கொடுத்துவிட்டுப் போன தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதைப் படிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. 'தொடும் முன் பேசவும்' என்று எழுதியிருக்கிறாய். எலியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் முதல் நாள் கிடங்கில் கத்துவதுபோல "சரக்கு வந்திருச்சு" என்றேன். காதைத் திருப்பினாள். அன்றிலிருந்து அதையே சொல்கிறேன், வந்து விரலை முகர்ந்து பார்க்கிறாள்.

வலது கண்ணில் பால் படிந்ததுபோல் இருந்ததே, இடது கண்ணிலும் அது வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் கையை ஆட்டினேன், அசையவில்லை. ஆனாலும் தடுமாறுவதில்லை. மீசை சுவரில் உரசும்படி ஓரமாகவே நடந்து கிண்ணத்துக்குப் போகிறாள், படுக்கைக்குத் திரும்புகிறாள். கிடங்கிலும் எலிகள் அப்படித்தான் போகும். அந்த வழியில்தான் நான் பொறி வைப்பேன். இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மலைக்குள் ஈரம் அதிகம் என்று கேள்விப்பட்டேன்.

அப்பா


பிப்ரவரி 12

அப்பாவுக்கு,

உறையைப் பார்த்து வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். தபால் வண்டிக்காரர்தான் "உங்க பேர்தான்மா, நல்லாப் பாருங்க" என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்த கிரேன் ஓட்டுபவர் எந்தக் குழந்தை எழுதியது என்று கேட்டார். எங்கப்பா என்றேன்.

சந்தோஷம்தான் அப்பா. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பொடிசுக்கு இரண்டே முக்கால் வயதாகிறது. எலிக்கு அது பெரிய வயது. நான் திரும்பி வரும்வரை இருப்பாளா என்று தெரியாமல்தான் விட்டுவந்தேன். சுரங்கப் பாதையின் இந்தப் பக்கத்துக் குடைவும் அந்தப் பக்கத்துக் குடைவும் சந்திக்கும்வரை மின்சாரப் பிரிவில் யாருக்கும் விடுப்பு இல்லை. இங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ஆபீஸ் போன் அவசரத்துக்கு மட்டும். எலிக்கு அவசரம் என்று போய் நின்றால் சிரிப்பார்கள். வாரம் ஒரு தடவை வரும் வண்டிதான் வழி.

அதனால் ஒன்று கேட்கிறேன். எப்படி இருக்கிறாளோ அப்படியே எழுதுங்கள். நான்கு வருடத்துக்கு முன் அணைக்கட்டு வேலையில் இருந்தேனே, அப்போது நம் வீட்டிலிருந்து வந்த ஆறு கடிதமும் என்னிடம் இருக்கின்றன. ஆறிலும் 'எல்லாரும் நலம்'. நான் வந்தபோது அம்மா படுத்திருந்த கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தீர்கள்.

இதை ஒவ்வொரு முறையும் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். வந்துவிடுகிறது.

கூப்பிட்டால் வருகிறாளா? எடை குறைகிறதா? நடையைக் கவனியுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 19

அம்மாடிக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். இரண்டு இடம் புரியவில்லை, திரும்பப் படித்ததும் புரிந்தது.

பொடிசு நலம். கிண்ணத்தில் வைப்பதைச் சாப்பிடுகிறாள். கூண்டைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். நானும் நலம். தையற்காரியும் நலம். வகுப்பில் போன வாரம் மனுப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். தெரு விளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். டீச்சர் வாசித்துக் காட்டச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். விளக்கு இன்னும் எரியவில்லை.

கை வலிக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அப்பா


பிப்ரவரி 26

அப்பாவுக்கு,

முதல் கடிதம் நான்கு பக்கம். இது அரைப் பக்கம். அதில் மூன்று 'நலம்'.

தெரு விளக்கைப் பற்றி எட்டு வரி எழுதிய கைக்கு, நான் கேட்டதற்குப் பதில் எழுதும்போது மட்டும் வலி வந்துவிட்டதா? கூப்பிட்டால் வருகிறாளா என்று கேட்டிருந்தேன்.

என்ன நடந்தது?

உங்கள் மகள்


மார்ச் 4

அம்மாடி,

உன் கேள்வி ஒரே வரி. பதில் எழுத மூன்று நாள் ஆகிவிட்டது. எழுத்து வராமல் இல்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி கூண்டைக் கழுவினேன். 'தட்டை மட்டும் துடைக்கவும்' என்றுதான் உன் தாளில் இருந்தது. அதைப் படித்தேன், புரிந்தது. ஆனால் எலி விஷயத்தில் எனக்கு ஒருத்தி சொல்லித்தர வேண்டுமா என்ற திமிர். கம்பி, தட்டு, மரப்பெட்டி, சரிவுப் பலகை எல்லாவற்றையும் கழற்றி, கொதிக்கும் நீரில் சோடா கரைத்து ஊற்றி, தேய்த்து, மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தேன். அவள் படுக்கும் துணிகளையும் அலசினேன். பிறகு எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்தேன், ஒரு விரல்கூட நகரவில்லை. பளிச்சென்று இருந்தது. தையற்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பொடிசை உள்ளே விட்டேன். நடுவில் நின்றாள். மூக்கைத் தூக்கினாள். முன்காலைத் தூக்கியவள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். ஓரத்துக்கே போகவில்லை. தண்ணீர்க் குழாயை மறுநாள் மதியம் வரை கண்டுபிடிக்கவில்லை. நான்தான் எடுத்து வாயருகே வைத்தேன். சரிவுப் பலகையில் பாதி ஏறியவள் வெறும் இடத்தில் கால் வைத்து விழுந்தாள். அதற்குப் பிறகு பின்னங்கால் இரண்டும் இழுக்கின்றன.

அம்மாடி, இதில் மோசம் என்னவென்றால் எனக்கு இது தெரியும். நாற்பது வருடம் என் பிழைப்பே அதுதான். ஒரு எலி விழுந்த பொறியை அப்படியே திரும்ப வைத்தால் வேறு எலி அண்டாது. முன்னால் வந்தது பயந்த பயமெல்லாம் அந்தக் கம்பியில் இருக்கும், பின்னால் வருவது மோந்து படித்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் வெந்நீரும் சோடாவும் போட்டு அழிப்பேன். 'இவன் பொறியில் வாசனையே இருக்காது' என்று மேஸ்திரி சொல்வார், எனக்குப் பெருமையாக இருக்கும். பொறியைக் கழுவிய அதே கை, அதே சோடா. கண் போன பிறகு அவள் படித்து நடந்ததெல்லாம் அந்த வாசனையைத்தான். அதைத்தான் ஒரு எழுத்து விடாமல் அழித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் கண்ணிலும் மூக்கிலும் சிவப்பாக வந்தது. ரத்தம் என்று பயந்து ஒரு பெட்டியில் வைத்து விலங்கு மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். பதிவு எழுதுபவர் என்ன பிராணி என்றார். எலி என்றேன்.

"பிடிச்சீங்களா, வளர்க்குறீங்களா?"

"ரெண்டும் செஞ்சவன்தாங்க" என்றேன். வரிசையில் நாயோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, அது ரத்தம் இல்லை என்றார். நோயிலோ பயத்திலோ எலிகளுக்குக் கண்ணீர் அந்த நிறத்தில் வருமாம். நான் பிடித்த எலிகளுக்குக் கணக்கு இல்லை, அம்மாடி. ஒன்றின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

போன கடிதத்திலேயே இதை எழுத உட்கார்ந்தேன். 'நலம்' என்று எழுதுவது சுலபமாக இருந்தது.

அப்பா


மார்ச் 11

அப்பாவுக்கு,

இதற்கு முன் எழுதிய இரண்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒன்றில் திட்டு மட்டும் இருந்தது. இன்னொன்றில் திட்டே இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

இனி எதையும் கழுவாதீர்கள். துணி நாறினாலும் நாறட்டும். ஈரமானதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விடுங்கள். அவளே மறுபடி தன் வாசனையை ஏற்றிக்கொள்வாள். சின்ன எலி என்றால் நான்கு நாளில் முடித்துவிடும். இவளுக்கு எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாள் இருக்கிறதோ, தெரியவில்லை. பலகையை எடுத்துவிடுங்கள், எல்லாம் தரையிலேயே இருக்கட்டும். கூண்டின் மேல் போர்த்தி என் பழைய வேலைச் சட்டை ஒன்று வந்ததே, அதன் கையை வெட்டி உள்ளே போடுங்கள். அந்தச் சட்டைப் பையில்தான் அவள் இரண்டு வருடம் தூங்கினாள். இந்த வாரம் நான் போட்டிருந்த பனியன் ஒன்றையும் இதே வண்டியில் பொட்டலமாக அனுப்புகிறேன்.

நேற்றுக் குடைவில் நீர் பீறிட்டது. பதினான்கு மோட்டார் ஓடுகிறது, எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் லைன் இழுக்கிறோம். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு எலி தண்ணீர்க் குழாயைத் தேடுவதை நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன், "என்னக்கா, தூங்கிட்டீங்களா?" என்றான்.

அவளை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, "நான் நாள்பூரா கொல்றதை நீ காசு குடுத்து வாங்கிட்டு வர்றியா?" என்றீர்கள். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும், யாரிடம் விட்டுப்போகிறோம் என்று. ஆனால் விட வேறு யாரும் இல்லை. எனக்கும் நீங்கள்தான், உங்களுக்கும் நான்தான். அந்த எண்ணமே சில நாள் எரிச்சலாக வருகிறது.

அம்மா விஷயத்தில் எனக்குப் புரியாதது ஒன்றுதான். அந்த ஆறு கடிதத்தையும் எழுதச் சொன்னது யார்? அம்மாவா, நீங்களா?

மகள்


மார்ச் 18

அம்மாடி,

நீ கேட்டவற்றில் முதலில் கஷ்டமானது. அந்த ஆறையும் நான்தான் சொன்னேன். 'வரச் சொல்லுங்க' என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். தையற்காரி பேனாவைப் பிடித்துக்கொண்டு, "என்னன்னு எழுதட்டும்?" என்பாள். அடுத்தவள் முன்னால் உட்கார்ந்து என் மனைவிக்கு என்ன ஆகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. "எல்லாரும் நலம்னு போடு" என்பேன். அவளும் போடுவாள். அடுத்த வாரம் தேறிவிடுவாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். அம்மா கேட்டதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இது தெரிந்தால் நீ என் வாசலுக்கே வரமாட்டாய் என்று பயம். இப்போதும் அந்தப் பயம் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

உன் வேலைச் சட்டையை நீ போன இரண்டாம் நாளே துவைத்துவிட்டேன். கிரீஸ் நாற்றம் அடித்தது. கதவுக்குப் பின்னால் வெளுத்துத் தொங்குகிறது. உன் தாளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் அப்போது நான் இரண்டாம் வரியில்தான் இருந்தேன்.

பனியன் வந்து சேர்ந்தது. பிரிக்காமல் நேராகக் கூண்டுக்குக் கொண்டுபோய், அங்கேதான் பிரித்தேன். உள்ளே வைத்தேன். அவள் அதன் மேல் ஏறிச் சுருண்டு

மேலே உள்ள வரியைக் கோடு போட்டு நான்தான் அடித்தேன், பார்த்துக்கொள். பாதி எழுதிய பிறகுதான் கை நின்றது. நடந்தது அது இல்லை. பனியன் முழுக்க டீசலும் கல்தூளும் மணத்தது, எனக்கே மூக்கில் ஏறியது. அவள் முகர்ந்தாள், வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு மூக்கை முன்காலால் துடைத்துவிட்டு விலகிப் போனாள். இரண்டு நாள் அங்கேயே விட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கமே போகவில்லை. உன்னை மறந்துவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. அந்த மலை வாசனைக்கு அடியில் நீ இருப்பது அவளுக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

டாக்டரம்மாவிடம் மறுபடி போனேன். பின்னங்கால் இனி வராது என்கிறார். மூச்சில் ஒரு கரகரப்பும் சேர்ந்திருக்கிறது. விழுந்ததாலா, வயதாலா என்று கேட்டேன். "ரெண்டும்தான் ஐயா, இது இவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார். பிரித்துச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பலாம், இல்லை என்றால் கையால் ஊட்டிக்கொண்டு பார்க்கலாம், வளர்ப்பவர் சொல்ல வேண்டும் என்கிறார். வளர்ப்பவள் மலைக்குள் இருக்கிறாள் என்றேன். உன் பதில் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். சொன்னேன். அவர் பொடிசைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

நீ என்ன சொல்கிறாய்?

அப்பா


மார்ச் 24

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன், வந்து மறுபடி படித்தேன். அம்மா கேட்டதைப் பற்றி இப்போது என்னால் எதுவும் எழுத முடியாது. கோபமா என்றால், இருக்கிறது. ஆனால் இத்தனை வருடமாக அம்மா என்னைக் கேட்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். கேட்டிருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

விடுப்பு கேட்டேன். என்ன காரணம் என்றார் பொறியாளர். வீட்டில் உடம்பு சரியில்லை என்றேன். யாருக்கு என்றார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை, அது ஒன்றுதான். "தண்ணி வடியட்டும், பார்க்கலாம்மா" என்றார். தண்ணீர் வடியவில்லை.

நான் என்ன சொல்வது அப்பா. நீங்கள் இதைப் படிக்கும்போது அவள் இருப்பாளா என்பதே எனக்குத் தெரியாது. போன வாரத்து எலிக்கு இங்கே உட்கார்ந்து தீர்ப்பு எழுதச் சொல்கிறீர்கள். பார்ப்பவர் நீங்கள், நான் இல்லை. நீங்களே முடிவு செய்யுங்கள். எதுவானாலும் நான் குறை சொல்லமாட்டேன் என்று எழுதலாம்தான். சொல்வேனோ என்னவோ. அதற்காகப் பயந்து நாளைக் கடத்தாதீர்கள். எனக்காக அவளை வைத்திருக்கவும் வேண்டாம்.

அந்த அடித்த வரியைப் பார்த்தேன்.

மகள்


மார்ச் 30

அம்மாடி,

இன்று வரை இருக்கிறாள்.

நேற்று முன்தினம் ஊசி போட்டுவிடலாம் என்று பெட்டியில் வைத்துத் தெருமுனை வரை போனேன். அங்கே நின்று மூடியைத் திறந்து, "சரக்கு வந்திருச்சு" என்றேன். காதைத் திருப்பினாள். என்னால் மேலே நடக்க முடியவில்லை, திரும்பிவிட்டேன். அது சரியா, என் கோழைத்தனமா என்று தெரியவில்லை. தையற்காரியைக் கேட்டேன். வாயாடி, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். அவளே தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "என்னைக் கேக்காதீங்க" என்றாள்.

தினமும் நடப்பதை எழுதுகிறேன். காலையில் தானியத்தைக் கூழாக அரைத்துச் சுண்டுவிரல் நுனியில் வைத்து நீட்டுகிறேன். முன்பு நக்கிக்கொண்டே இருப்பாள். இப்போது நான்கு தடவை, ஐந்து தடவை, அவ்வளவுதான். கண்ணில் கட்டும் சிவப்பை ஈரப் பஞ்சால் ஒற்றுகிறேன். பின்பக்கம் நனைந்துவிடுகிறது, அதைத் துடைக்கும்போது வெட்கப்படுவதுபோல் முகத்தைத் துணிக்குள் நுழைத்துக்கொள்கிறாள். எனக்கு அப்படித் தோன்றுகிறது. அவளுக்கு என்ன தோன்றுகிறதோ.

நடக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. முன்னங்கால் இரண்டால் உடம்பை இழுத்துக்கொண்டு சுவரைத் தேடுகிறாள். கூண்டுச் சுவர் இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. அதனால் தரையில் பாயை விரித்து நான் பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறேன், கையை நீட்டி வைக்கிறேன். மீசை என் கையில் உரசும்படி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை போகிறாள். முழங்கையில் நின்று மூச்சு வாங்குகிறாள். இரண்டு தடவை போய்வருவதற்கு அரைமணி நேரம் ஆகிறது. எனக்குத் தோள் மரத்துப்போகிறது. அதற்கு மேல் நான் அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

முடிவு செய்யச் சொன்னாய். செய்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். விரலில் நீட்டுவதை என்றைக்கு அவள் தொடாமல் திரும்பிக்கொள்கிறாளோ, அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவேன், தெருமுனையில் நிற்க மாட்டேன். உன்னைக் கேட்டுக் காத்திருக்கவும் மாட்டேன். இது என் முடிவு. நீ திட்டுவதானால் என்னைத் திட்டு, டாக்டரம்மாவை அல்ல. இன்று காலை மூன்று தடவை நக்கினாள். நான்காவது தடவை நான் விரலை வெகுநேரம் நீட்டியபடி இருந்தேன்.

உனக்கு எழுத வேண்டிய சேதி என் வீட்டில் நாளையோ, இந்த வாரத்திலோ வந்துவிடும் என்று தோன்றுகிறது. அதை யாரிடமும் சொல்லி எழுதச் சொல்லப்போவதில்லை. அடுத்த வார வண்டியில் என் கடிதம் இருக்கும். 'நலம்' என்று அதில் இருக்காது. எத்தனை மணிக்கு என்பது உட்பட, எது நடந்ததோ அதை எழுதுகிறேன்.

அப்பா